வலிக்க வலிக்க மடக்கும் பிசியோவை மாற்றலாமா?

கேள்வி: பைக்கில் விழுந்து ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு) அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து 5 வாரம் ஆகிறது. பிசியோ வலிக்க வலிக்க முட்டியை மடக்குகிறார். ஏன் என்று கேட்டால் எரிச்சல்படுகிறார். வீட்டில் பயிற்சி செய்யவில்லை என்றால் திட்டு விழும் என்பதால் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வேறு ஆளைப் பார்க்கலாமா?

பதில்:

வலியை விட அந்தப் பொய்தான் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. மாற்றலாமா என்றால், மாற்றலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம். ஒரு வாரம் நான் சொல்வதைச் செய்து பாருங்கள். அதற்கு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து நீங்களே முடிவுக்கு வந்துவிடலாம்.

முதலில் உங்கள் முட்டிக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அறுந்த ஜவ்வைத் தைக்கவில்லை. வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதன் வழியாகச் செலுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். இதைத்தான் ஒட்டு என்கிறோம். பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்து எடுப்பார்கள். சிலருக்கு முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தும், சிலருக்குக் கணுக்காலுக்கு மேல் வெளிப்பக்கத்திலிருந்தும் எடுப்பதுண்டு. பொருத்திய அன்றைக்கு அதற்கு இரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு அதை மெல்ல அரித்துப் பிரித்து, புது இரத்தக் குழாய்களை உள்ளே விட்டு, மறுபடி கட்டுகிறது. இந்தப் பிரித்துக் கட்டும் வேலையின் நடுவில், தோராயமாக 6ஆவது வாரத்திலிருந்து 12ஆவது வாரம் வரை, ஒட்டு மிகவும் பலவீனமாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. சிக்கல் என்னவென்றால், வலி அதே காலத்தில்தான் நன்றாகக் குறையும். வாக்கரைத் தூக்கிப் போட்டு, கடைக்குப் போய் வந்து, ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று தோன்றும் நாட்களும் அவைதான்.

ஆக, முதல் 2 வாரம் வலி அதிகம், ஒட்டுக்கு ஆபத்து குறைவு. 8ஆவது வாரத்தில் வலி குறைவு, ஒட்டுக்கு ஆபத்து அதிகம். உங்கள் உடம்பு உங்களுக்குச் சொல்வதும் முட்டிக்குள் நடப்பதும் ஒத்துப்போகாத காலம் இது. பிசியோ என்று ஒருவர் தேவைப்படுவதே இதனால்தான். உங்கள் உணர்வு அவருக்குத் தெரியாது, ஒட்டின் கணக்கு உங்களுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மேசையில் வந்தால்தான் அடுத்த நாள் எவ்வளவு சுமை என்று முடிவு செய்ய முடியும். நீங்கள் பொய் சொன்னால் மேசையில் பாதி காலி.

5ஆவது வாரத்தில் அவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. முட்டி எத்தனை டிகிரி நீள்கிறது, எத்தனை டிகிரி மடங்குகிறது, முட்டியின் சுற்றளவு எவ்வளவு, காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொய்கிறதா. இவற்றில் நீட்டல்தான் முக்கியம். அடிபடாத கால் எவ்வளவு நீள்கிறதோ அதே அளவு இதுவும் நீள வேண்டும், அதுவும் முதல் 2 வாரத்துக்குள்ளேயே. மடக்கல், மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) தைக்காதவர்களுக்கு, 2ஆவது வாரத்தில் 90 டிகிரி, 6ஆவது வாரத்தில் 120 டிகிரியை ஒட்டி இருந்தால் சரியான பாதை. நம் ஊரில் எல்லாரும் மடக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். மடங்காத முட்டி கண்ணுக்குத் தெரியும், 5 டிகிரி நீளாத முட்டி தெரியாது. ஆனால் அந்த 5 டிகிரிதான் பின்னால் நொண்டலையும் முட்டிச்சில்லின் முன்பக்க வலியையும் கொண்டுவரும்.

நீட்டலை வீட்டிலேயே பார்க்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்து, தொடை கட்டிலிலும் முட்டிக்குக் கீழே கால் வெளியிலும் தொங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குதிகால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 1 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 டிகிரி குறை என்று வைத்துக்கொள்ளலாம். சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட கோணமானியும் அளவு டேப்பும் எடுக்காத பிசியோ என்றால், அவர் மடக்கும்போது வலிப்பதை விட அது பெரிய குற்றச்சாட்டு.

அவருக்கு உங்கள் அறுவை சிகிச்சை பற்றி என்ன தெரியும் என்பது இன்னொரு விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் சில சமயம் ஏசிஎல் மறுசீரமைப்பு என்று ஒரே வரி இருக்கும். அது போதாது. எங்கிருந்து ஒட்டு எடுத்தார்கள், மெனிஸ்கஸைத் தைத்தார்களா வெட்டி எடுத்தார்களா, குருத்தெலும்பில் ஏதாவது செய்தார்களா என்று தெரிய வேண்டும். பேச்சு வழக்கில் லிகமென்டையும் மெனிஸ்கஸையும் சேர்த்து ‘ஜவ்வு’ என்றே சொல்லிவிடுகிறோம். பயிற்சியிலோ இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் 4 முதல் 6 வாரம்வரை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, அந்தக் காலில் முழு எடை வைக்கக் கூடாது என்று பல சர்ஜன்கள் கட்டுப்பாடு வைப்பார்கள். தொடைப் பின்தசையிலிருந்து ஒட்டு எடுத்திருந்தால், எடையை எதிர்த்துக் காலைப் பின்னால் மடக்கும் பயிற்சியை 2, 3 மாதம் தள்ளிப்போடுவார்கள். கணுக்கால் பக்கத்திலிருந்து எடுத்தவர்களுக்குக் கணுக்கால் பயிற்சியும் சேர வேண்டும். சர்ஜனிடம் அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி பிசியோ கையில் கொடுங்கள். அவர் அதை வாங்கி வாசிக்கிறாரா, ‘எல்லா ஏசிஎல்லும் ஒண்ணுதான்’ என்கிறாரா என்று கவனியுங்கள்.

இப்போது வலி. பிசியோவில் வலி வரக்கூடாது என்று சொல்பவரும் தவறு, வலித்தால்தான் சரியாகும் என்பவரும் தவறு. 0 முதல் 10 வரை வலிக்கு எண் கொடுத்துப் பழகுங்கள். வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் தாங்கவே முடியாது என்றால் 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் கவலை இல்லை. 3 முதல் 5 வரை இருந்தால் பொறுக்கலாம், ஆனால் அன்றே அடங்கி, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். 5ஐத் தாண்டினாலோ, மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தாலோ முந்தைய நாள் செய்தது அதிகம். வீக்கத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். முட்டிச்சில்லின் நடுவே டேப் வைத்து தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். 1 செ.மீ. கூடினால் அது செய்தி.

வீக்கத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? முட்டிக்குள் நீர் கோத்தால், தொடையின் முன்தசைக்கு நரம்பு வழியாகப் போகும் கட்டளை தானாகவே குறைந்துவிடும். மூட்டின் தற்காப்பு அது. 20, 30 மில்லி நீர் போதும், முட்டிக்கு உள்பக்கத் தசை தளர ஆரம்பித்துவிடும். நீங்கள் எவ்வளவு மனசு வைத்துத் தூக்கினாலும் தசை முழுதாக வேலை செய்யாது. ‘நீங்க முயற்சியே பண்ண மாட்டேங்கறீங்க’ என்று அப்போது சொல்லும் பிசியோ, நீர் கோத்த முட்டியைச் சோம்பேறித்தனம் என்று படிக்கிறார்.

மடக்கலில் பலம் காட்டுவதும் இப்படித்தான் பலனில்லாமல் போகிறது. தாங்க முடியாத வலி வந்தால் தொடைத் தசை இறுகிக்கொள்ளும். அதற்கு மேல் அவர் அழுத்துவது மூட்டை அல்ல, உங்கள் தசையை. இரண்டு பேருக்கும் வியர்க்கும், கோணம் நகராது, வீக்கம் ஏறும், மறுநாள் 5 டிகிரி குறைந்திருக்கும். குறைந்த விசையில் நீண்ட நேரம் வைப்பதுதான் மூட்டுறையை இளக்கும். மல்லாந்து படுத்து, பாதத்தைச் சுவரில் வைத்து, காலின் எடையே முட்டியை மடக்கும்படி மெல்ல வழுக்கவிடுவது ஒரு நல்ல முறை. அடிபட்ட காலின் கீழ் மற்றக் காலைத் தாங்கலாக வைத்துக்கொண்டால் எவ்வளவு மடக்குவது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். நீட்டலுக்கு, குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டு வைத்து, முட்டி அந்தரத்தில் இருக்கும்படி 10 நிமிடம், நாளுக்கு நாலைந்து முறை. வீட்டில் அம்மாவோ மனைவியோ பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்க அப்படிக் கிடந்தால் பகலில் நீட்டியதெல்லாம் போச்சு. அவர்களையும் ஒருநாள் பிசியோவிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னால் கேட்காததை அவர் சொன்னால் கேட்பார்கள்.

முழு நீட்டலுக்குச் சற்று முன், முட்டியின் முன்பக்கம் ‘டக்’ என்று ஏதோ தடுக்கிற மாதிரி வலி வந்து, வாரக்கணக்கில் அழுத்தியும் நகரவில்லை என்றால் அழுத்தத்தை நிறுத்த வேண்டும். ஒட்டுக்கு முன்னால் தழும்புத் திசு உருண்டையாக வளர்ந்து கதவிடுக்கில் சிக்கிய கல் மாதிரி தடுப்பது உண்டு. அதற்குச் சர்ஜன்தான் வழி. தன் எல்லை எது என்று தெரிந்து சர்ஜனுக்கு போன் போடும் பிசியோ கிடைத்தால் விடாதீர்கள்.

முழங்கை அடிபட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: முழங்கையை மற்றவர் பலம் கொண்டு மடக்கவே கூடாது, எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. சுற்றியுள்ள தசையில் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு, பிறகு எண்ணெய் போட்டு நீவிவிட்டு, நிரந்தரமாக மடங்காமல் போன முழங்கைகள் நம் ஊரில் ஏராளம்.

வலியை எண்ணாகச் சொல்வதோடு, என்ன மாதிரி வலி என்றும் சொல்லுங்கள். நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை, பிசியோ மேசையில் மட்டும் எல்லாவற்றையும் ‘வலிக்குது சார்’ என்று சுருக்கிவிடுகிறோம். இழுக்கிற மாதிரி, கையை எடுத்ததும் நின்றுவிட்டால் பெரும்பாலும் இறுகிய திசு நீள்கிற வலி, அதோடு வேலை செய்யலாம். ஓரத்தில் சுருக்கென்று குத்தினால் மெனிஸ்கஸை நினைக்க வேண்டும். ராத்திரி குடைந்தால் பகலில் சுமை கூடிவிட்டது. விண்விண்ணென்று தெறித்து, தொட்டால் சுட்டால் வீக்கமோ தொற்றோ இருக்கலாம். கீறலுக்குக் கீழே வெளிப்பக்கம் மரத்தோ எரிந்தோ இருந்தால், அது தோலுக்கடியில் போகும் சிறு நரம்பு அடிபட்டதால் வருவது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லாததால் நோயாளிகள் மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்து மருகுவார்கள்.

இனி அந்தப் பொய். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, இது சர்வசாதாரணம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நாளைக்கு எவ்வளவு சுமை கொடுப்பது என்பதை அவர் மூன்றை வைத்து முடிவு செய்கிறார்: நீங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், அதற்கு முட்டி என்ன பதில் சொன்னது, இன்றைய அளவு என்ன. முதலாவது பொய்யானால் மற்ற இரண்டும் தப்பாகவே அர்த்தமாகும். தினமும் செய்தும் தொடைப் பலம் ஏறவில்லை என்று அவர் நினைத்தால் சுமையைக் கூட்டுவார். கூட்டியதும் வீங்கும். வீங்கியதும் ஒட்டில் பிரச்சினையோ என்று ஸ்கேன் எழுதச் சொல்லுவார். நீங்கள் செய்யாமல் விட்ட இருபது நிமிடத்துக்காக எம்ஆர்ஐ வரை போய் வருவீர்கள்.

அவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. முட்டி மடங்காமல் போனால் சர்ஜன் முதலில் கேட்பது பிசியோவைத்தான். ஒரே நேரத்தில் நாலைந்து பேரைப் பார்க்கும் கிளினிக்கில் அந்தப் பயம் கோபமாக வெளியே வருகிறது. அதற்காகத் திட்டுவது சரி என்று ஆகாது. திட்டினால் அவருக்கு மிஞ்சுவது பணிவு, உண்மை கிடைக்காது. ‘பண்ணீங்களா?’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘இந்த வாரம் எத்தனை நாள் முடிஞ்சது, எதைச் செய்யக் கஷ்டமா இருந்தது?’ என்று கேட்கத் தெரிந்தவருக்குப் பதில் வரும்.

நீங்களே தொடங்கி வையுங்கள். ‘சார், ஏழு நாள்ல மூணு நாள்தான் பண்ணினேன். காலைல நேரமே இல்ல. ஒன்பது பயிற்சி இருக்கு, இதுல மூணுதான் முடியும்னா எந்த மூணு?’ இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வயதானவர்களிடம் 1999இல் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு பயிற்சி கொடுக்கப்பட்டவர்களை விட இரண்டு கொடுக்கப்பட்டவர்கள் அவற்றைச் சரியாகச் செய்தார்கள். நீளமான அச்சடித்த தாள் கொடுக்கும் கிளினிக்குகளுக்கு இது தெரிந்தால் நல்லது. 5ஆவது வாரத்தில் நல்ல பிசியோ சொல்லக்கூடிய மூன்று: மேலே சொன்ன குதிகால் துண்டு நீட்டல்; தொடை முன்தசையை இறுக்கி 10 விநாடி பிடித்து, பிறகு காலை நேராகத் தூக்குவது, 10 முறை வீதம் மூன்று தடவை; சுவரில் முதுகு சாய்த்துப் பாதி அளவுக்குக் குறைவாக உட்கார்ந்து எழுவது. மெனிஸ்கஸ் தைத்தவர்களுக்குக் கடைசியது மாறும். மூன்றையும் நேரத்தோடு கட்டாமல், ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு கட்டுங்கள்: காலை டீ குடித்ததும், மத்தியானம் சாப்பிட்டதும், ராத்திரி சீரியல் ஓடும்போது.

பயிற்சியைக் கற்றுக்கொண்டதும் ‘சரிங்க சார்’ என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். நாம் மரியாதைக்கு ஆட்டும் தலையை அவர் புரிந்ததாக எடுத்துக்கொள்கிறார். ‘நான் பண்ணிக் காட்டுறேன், சரியா இருக்கான்னு பாருங்க’ என்று அங்கேயே செய்து காட்டுங்கள். உங்கள் போனிலேயே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் காலை வைத்தே. யூடியூபில் இருப்பது வேறு யாருடைய முட்டியோ.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல், சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மனநல சிகிச்சைக்குச் சொன்னது, பிசியோவுக்கும் அப்படியே பொருந்தும். நம் ஊரில் மூன்றாவது எப்படியோ வந்துவிடுகிறது. ‘அண்ணா, சாப்பிட்டீங்களா’ என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிடுவார்கள். முதலாவது மட்டும் பேசப்படுவதே இல்லை. பிசியோ மனசில் 135 டிகிரி இருக்கும். உங்கள் மனசில் மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போவது இருக்கலாம், டவுன் பஸ் படியில் ஏறுவது, பூஜையறையில் சம்மணம் போடுவது, மறுபடி கபடி ஆடுவது, எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் எந்த மாதிரிக் கழிப்பறை என்று கேட்காத பிசியோ உங்கள் வாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்று அர்த்தம். இந்தியக் கழிப்பறையில் குந்துவதற்கு முழு மடக்கமும் அதிலிருந்து எழும் பலமும் வேண்டும், சர்ஜன் அனுமதிக்கப் பல மாதம் ஆகும். அதுவரை கமோட் நாற்காலி ஏற்பாடு செய்யாவிட்டால் நீங்கள் தினமும் ஒட்டைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிணைப்பு என்பது வெறும் நல்ல பேச்சுதானே என்று தோன்றலாம். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 117 பேரிடம் செய்து 2014இல் வெளிவந்த சோதனை ஒன்று உண்டு. பாதிப் பேருக்கு ஐஎஃப்டி மெஷின் (வலி குறைய மெல்லிய மின்சாரம் கொடுப்பது) ஓடியது, பாதிப் பேருக்கு ஓடுகிற மாதிரி வைக்கப்பட்டது. இரு பிரிவிலும் பாதிப் பேரிடம் சிகிச்சையாளர் தேவையானதை மட்டும் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட்டார். மற்றவர்களிடம் வலியைப் பற்றி விசாரித்து, காது கொடுத்துக் கேட்டு, கூடவே இருந்தார். மெஷினும் ஓடி ஆளும் இருந்தவர்களுக்கு வலி 77 சதவீதம் குறைந்தது. மெஷின் ஓடி ஆள் போய்விட்டவர்களுக்கு 47 சதவீதம். கவனியுங்கள்: மெஷின் ஓடாமல் ஆள் மட்டும் இருந்தவர்களுக்கு 55 சதவீதம். ஒரே ஒரு சிட்டிங்கில் அளந்தது, அதுவும் முதுகுவலி. பேசினால் ஏசிஎல் ஒட்டு சீக்கிரம் பலப்படும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் மெஷினை மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடும் பழக்கம் எதை வீணாக்குகிறது என்று தெரிகிறது. மெஷின் விஷயத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டத்தில் தொடை முன்தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டலுக்குப் பலன் உண்டு. ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்ட் என்று அரைமணி நேரம் படுக்க வைத்து, கடைசி 5 நிமிடம் காலை மடக்கி அனுப்பினால் உங்கள் பணத்துக்குச் சரியான வேலை நடக்கவில்லை.

தொடுதலைப் பற்றிப் பெண்கள் பலர் கேட்கத் தயங்குவார்கள். முட்டிக்குச் சிகிச்சை என்றால் தொடையின் பாதி வரை தெரிய வேண்டும், அது நியாயம். தளர்வான ஷார்ட்ஸ் எடுத்துப் போங்கள், சுடிதார் பேன்ட்டை மேலே சுருட்டினால் தொடையை இறுக்கும். எங்கே, எதற்காகத் தொடப்போகிறேன் என்று முன்னால் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். திரை வேண்டும், கூட ஒருவர் இருக்கலாம், பெண் பிசியோ வேண்டும் என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லக் காரணம் காட்டத் தேவையில்லை. அதே நேரம், கூட வருபவர் உங்களுக்காகப் பேச ஆரம்பித்தால் நிறுத்துங்கள். ‘இவளுக்கு வலி தாங்காது சார்’ என்று கணவர் சொன்னால் பிசியோவின் கை அன்றைக்குக் கணவர் சொன்ன அளவில்தான் வேலை செய்யும்.

பணத்தையும் முதல் நாளே பேசுங்கள். நோயாளிகள் மறைப்பதில் வலிக்கும் பயிற்சிக்கும் அடுத்து இதுதான் வருகிறது. கையில் 12 சிட்டிங்குக்குத்தான் பணம் என்று சொன்னால், முதல் மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று பரப்பித் தர முடியும். சொல்லாமல் தினமும் வந்து, 6ஆவது வாரம் பணம் தீர்ந்து காணாமல் போனால், ஒட்டு மிகப் பலவீனமாக இருக்கும் நேரத்தில் மேற்பார்வை இல்லாமல் இருப்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோ பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. வெளியே போக முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடும் உண்டு.

சரி, இந்த ஒரு வாரம். ஒரு சின்ன நோட்டில் தினமும் காலையில் அளந்த முட்டிச் சுற்றளவு, செய்த பயிற்சி, அதிகபட்ச வலி எண் என மூன்றே பதிவு. அதைக் காட்டி இப்படிப் பேசுங்கள்: ‘சார், நேத்து மடக்கினப்ப 8 வலிச்சது. ராத்திரி தூங்கல. காலைல ஒன்றரை சென்டிமீட்டர் வீக்கம் கூடியிருக்கு. இன்னைக்கு எப்படி மாத்திக்கலாம்?’ குற்றம் சாட்டும் தொனி இல்லை, அவர் மதிப்பிட வேண்டிய தகவல் மட்டும். டேப்பை எடுத்து அளந்து, அன்றைக்கு மடக்குவதைக் குறைத்து, வேறு முறை காட்டினால் அவரோடேயே இருங்கள். அவர் கோபக்காரராக இருந்தாலும் வேலை தெரிந்தவர். ‘எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும், நீங்க ரொம்ப சென்சிட்டிவ்’ என்று சொல்லி அதே விசையில் மடக்கினால், மறுநாள் போகத் தேவையில்லை.

இடையில் இவை வந்தால் பிசியோவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்: கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலிப்பது (இதை யாரும் நீவிவிடக் கூடாது, இரத்தக் கட்டியாக இருக்கலாம்), மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுடுவது, கீறலில் நீர் கசிவது, ‘டப்’ என்ற சத்தத்தோடு முட்டி நழுவியது போன்ற உணர்வு.

மாறும்போது சண்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம். பழைய அளவுகளும் செய்த பயிற்சிகளும் எழுதிய ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். புதியவர் பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா, உங்களைப் பார்ப்பது அவரா உதவியாளரா, ஏசிஎல் நோயாளிகளை 9 மாதம் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி எதற்கென்றால், பலருடைய அனுபவம் 3 மாதத்தோடு நின்றுவிடும், நோயாளிகள் அதோடு போய்விடுவதால். விளையாட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தப் பிற்பாதிதான் கஷ்டமானது. நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து செய்து 2016இல் வெளியான ஆய்வு, 9ஆவது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் விகிதம் 51 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. நாட்காட்டி மட்டும் போதாது: தொடை பலமும் ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலின் அளவில் 90 சதவீதமாவது வர வேண்டும். மனத் தயார்நிலைக்கு ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று 12 கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டு. பயம் இன்னும் இருக்கிறது என்பதைக் கூச்சமில்லாமல் அதில் எழுதுங்கள், தொடைப் பலம் தேறியும் அந்தத் தாளில் தேறாதவர்கள் நிறைய. 5ஆவது மாதம் கோச் போன் செய்து மேட்சுக்கு வா என்பார், உடம்பும் வா என்று சொல்லும். அப்போது பிசியோ ‘இன்னும் இல்ல தம்பி, டெஸ்ட்ல 74 சதவீதம்தான் வந்திருக்கு’ என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அதற்குள் அவர் உங்களிடம் எண்களை மறைக்காதவராகவும், நீங்கள் அவரிடம் நோட்டைத் திருத்தாதவராகவும் இருந்திருந்தால் நம்புவீர்கள்.